தந்தி அடித்தவர் வீட்டுச் சாவு

எங்கள் அம்மா செத்த அன்று, வெயில் உச்சிக்கு ஏறிய பிறகும் எங்கள் வீட்டில் சங்கு ஊதவில்லை.

சித்திரை மாதம். எங்கள் பேட்டையில் அந்த மாதத்து வெயில் எப்படி என்று பேட்டைக்காரனைத்தான் கேட்க வேண்டும். அம்மாவை முன்கூடத்தில் கிடத்தியிருந்தோம். தலைமாட்டில் ஒரு விளக்கு. மதினி ஓலை விசிறியால் ஈ ஓட்டிக்கொண்டே இருந்தாள். வந்த பெண்கள் அழுது முடித்து, தொண்டை வறண்டு, சும்மா உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் பச்சை ஓலைப் பந்தல் போட்டாகிவிட்டது. பாடைக்கு மூங்கில் வந்து கிடந்தது. எல்லாம் தயார், ஆனால் யாரும் எதையும் தொடவில்லை.

வராதது ஒரே ஒரு ஆள்தான். எங்கள் வீட்டுக் குடிமகன் சுடலைமுத்து.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் தலை மழிப்பவருக்குக் குடிமகன் என்று பெயர். முடி வெட்டுவது மட்டும் அவர் சோலி இல்லை. பிறப்பு, கல்யாணம், சாவு எதுவும் அவர் இல்லாமல் நடக்காது. பிணத்தைக் குளிப்பாட்ட ஆற்றுத் தண்ணீர் வேண்டும். பிள்ளைகள் குடம் எடுத்துப் போய், முங்கி எழுந்து, ஈர வேட்டியோடு அந்தத் தண்ணீரைக் கொண்டுவர வேண்டும். அதை நீர்மாலை என்போம். குடிமகன் முன்னால் சங்கு ஊதிப் போகாமல் நீர்மாலை கிளம்பாது. நீர்மாலை இல்லாமல் பிணம் எழும்பாது.

"வேற ஊரு ஆளக் கூட்டிட்டு வந்தா என்னவே?" என்று யாரோ கேட்டார்கள்.

விடியும்போதே சேரன்மகாதேவிக்கு ஆள் போயிருந்தது. போனவன் வெறுங்கையோடு வந்து நின்றான். "ஒருத்தன் குடி வீட்டுல இன்னொருத்தன் கத்தி எடுக்க மாட்டானாம். சுடலைமுத்து சரின்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், வாரோம்ங்கான்."

எங்கள் அண்ணன் சங்கரலிங்கம் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். இரண்டு மாதத் தாடி. பார்க்கவே சகிக்கவில்லை.

போன வாரம் இந்தப் பத்திரிகையில் எங்கள் ஊருக்கு நீராவி அரிசி மில் வந்த கதையைச் சிரிக்கச் சிரிக்க எழுதியிருந்தேன். "அந்தக் காலத்துத் தொழில், கப்பல், தந்தி, அரசியல் எல்லாவற்றையும் இப்படியே எழுதும்" என்று ஆசிரியர் கடிதம் போட்டிருக்கிறார். எழுதுகிறேன். ஆனால் 'இப்படியே' என்பதற்கு நான் பொறுப்பில்லை.

பூட்டு

அண்ணன் தந்தி ஆபீசில் சிக்னலர், அதாவது தந்தி அடிக்கிறவர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு ஓட்டுக் கட்டடம். காலையில் கோட்டு மாட்டி, தலைப்பாகை வைத்து, நடந்தே போவார். எனக்கும் அவருக்கும் வயது வித்தியாசம் அதிகம். அப்பா சீக்கிரம் போய்விட்டதால் அவர்தான் என்னைப் படிக்கவைத்தார். இது நடந்தபோது நான் பாளையங்கோட்டையில் உபாத்தியாயர் பயிற்சி முடித்து வேலைக்குக் காத்திருந்தேன்.

தந்தி என்பது அன்றைக்கு எவ்வளவு பெரிய அதிசயம் என்று இன்று சொன்னால் புரியாது. அம்மா கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு தந்திக் கம்பம் உண்டு. அதில் காதை வைத்துப் பார்ப்பாள். உள்ளே 'உம்' என்று ஒரு இரைச்சல் கேட்கும். "எய்யா, இன்னைக்கு உன் சத்தம் கேட்டேன்" என்று சாயங்காலம் அண்ணனிடம் சொல்லுவாள். அது காற்றில் கம்பி அதிரும் சத்தம் என்று அண்ணன் எத்தனையோ தடவை விளக்கிப் பார்த்தார். "ஆமா, நீ பெரிய இவன். எனக்குத் தெரியாதாக்கும் என் பிள்ளை சத்தம்" என்பாள். கடைசியில் அவர் விட்டுவிட்டார்.

அண்ணனுக்கு ஊரில் 'பூட்டு' என்று பட்டப்பெயர். காரணம் உண்டு. தந்தி வேலையில் சேரும்போதே சத்தியம் வாங்கிவிடுவார்கள். எந்தத் தந்தியில் என்ன வந்தது, யார் யாருக்கு அடித்தார் என்று மூச்சு விடக்கூடாது. மற்ற சிக்னலர்கள் கொஞ்சம் முன்னே பின்னே இருப்பார்கள். எங்கள் அண்ணன் அப்படி இல்லை.

பேட்டையில் ஒரு நிலாவாரை வியாபாரி இருந்தார். வயிற்றுக்குக் கொடுக்கும் அந்த இலையை மூட்டை மூட்டையாகச் சீமைக்கு அனுப்புகிறவர். தூத்துக்குடியில் விலை ஏறுகிறதா இறங்குகிறதா என்று தந்தியில் வந்துகொண்டே இருக்கும். மற்ற வியாபாரிகளுக்கு என்ன விலை வந்தது என்று தெரிந்துகொள்ள அவருக்கு ஆசை. ஒருநாள் வீட்டுக்கே வந்து, "தம்பி, வாயத் திறக்க வேண்டாம். ஏறிச்சுன்னா தலைய ஆட்டும், போதும்" என்றார். அண்ணன் தலையைக்கூட ஆட்டாமல் அவர் போகும்வரை சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார். வியாபாரிக்கு மகா கோபம். "இது மனுஷன் இல்லவே, திண்டுக்கல் பூட்டு" என்று கடைத்தெருவில் சொல்லிவிட்டார். பெயர் ஒட்டிக்கொண்டது.

ரஷ்யாக்காரனை ஜப்பான்காரன் தோற்கடித்த சேதி வந்த காலத்தில் ஊரே குதித்தது. கறுப்போ மஞ்சளோ, ஒரு கீழ்த்திசைக்காரன் வெள்ளைக்காரனை அடித்துவிட்டானே என்று சந்தோஷம். அம்மா அண்ணனைப் பிடித்துக்கொண்டாள். "ஏலே, இது உனக்கு முந்தியே தெரியுமா?" அண்ணன் சிரித்தார். "தெரிஞ்சிக்கிட்டே ரசத்த ஊத்தி சாப்பிட்டுட்டு படுத்தியா? உன் வயிறு என்ன வயிறுலே?"

அந்த வீட்டில் அவ்வளவு சிரிப்பு இருந்தது.

வேட்டி எந்த ஊரு?

சுடலைமுத்து எங்கள் அப்பா வயதுக்காரர். இன்றைக்கு 'அவர்' என்று எழுதுகிறேன். அன்று எங்கள் தெருவில் எவரும் அப்படிச் சொல்லவில்லை. சின்னப் பிள்ளைகூட 'ஏ சுடலை' என்றுதான் கூப்பிடும். அவர் அந்தச் சின்னப் பிள்ளையை 'ஐயா' என்பார். புறவாசல் வழியாகத்தான் வருவார், போவார். அவர் மனைவி பேச்சியம்மாள்தான் மருத்துவச்சி. அண்ணனையும் என்னையும் இந்த உலகத்துக்கு இழுத்துப் போட்டது அந்தக் கைதான்.

அவர்களுக்கு ஒரே பையன், இசக்கிமுத்து. மீசை அரும்பிய வயது. அவனும் கத்தி பிடிக்கத் தொடங்கியிருந்தான். அந்தச் சமயத்தில்தான் ஆற்று மணலில் சுதேசிக் கூட்டங்கள் ஆரம்பமாயின. நம் ஆட்களே கப்பல் விடுகிறார்கள், கொழும்புக்கு அதில்தான் போக வேண்டும் என்றார்கள். தூத்துக்குடியில் மில்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீமைத்துணி வேண்டாம், சீமைச் சீனி வேண்டாம் என்றார்கள். இசக்கி ஒரு கூட்டம் விடமாட்டான். கேட்டதையெல்லாம் மறுநாள் கத்தி தீட்டிக்கொண்டே ஒரு எழுத்து விடாமல் சொல்லுவான்.

தலை மழிக்க உட்காருகிறவரிடம் முதல் கேள்வி, "வேட்டி எந்த ஊரு?"

சீமை வேட்டி என்றால் முகத்தைச் சுளிப்பான். அவன் அப்பா அதட்டுவார். "லே, உனக்குத் தலை சோலியா, இடுப்பு சோலியா? தலையப் பாருலே!" உட்கார்ந்திருக்கிறவரே சிரித்துவிடுவார். எங்கள் அண்ணனையும் ஒருநாள் கேட்டான். அண்ணன் நெசவாளர் தெருவில் வாங்கிய வேட்டிதான் கட்டியிருந்தார். "ஐயா நம்ம ஆளு" என்று இசக்கி அறிவித்தான். "நீ சும்மா இரு, எனக்கு வேலை போயிரும்" என்றார் அண்ணன்.

பிறகு மாசி கடைசியில் தலைவர்களைப் பிடித்து உள்ளே போட்டார்கள். மறுநாள் ஊர் கொதித்துவிட்டது. கடைகள் அடைத்தாயிற்று. கூட்டம் கல்லும் கம்புமாகக் கிளம்பியது. சர்க்கார் கட்டடங்கள் எரிந்தன. மண்ணெண்ணெய்ப் புகை பேட்டைவரை வந்தது. நான் எங்கள் வீட்டு மச்சில் நின்று அந்தப் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆபீசில் இருந்தார்.

போலீஸ் சுட்டது. சிலர் அங்கேயே விழுந்தார்கள். இசக்கிக்குத் தொடையில் குண்டு. தோளில் போட்டு வீட்டுக்குத் தூக்கிவந்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயத்தில் பேச்சியம்மாள் தனக்குத் தெரிந்த பச்சிலையை வைத்துக் கட்டினாள். கால் வீங்கியது. காய்ச்சல் ஏறியது. ஒரு வாரம் தாங்கவில்லை. செத்தவர்கள் என்று சர்க்கார் சொன்ன கணக்கில் அவன் இல்லை.

தெரு பேசியது

அண்ணன் மறுநாள் காலைதான் வீட்டுக்கு வந்தார். கண் ரத்தமாகச் சிவந்திருந்தது. "என்னய்யா நடந்துது?" என்று அம்மா கேட்டாள். "ஒண்ணுமில்லம்மா" என்று சொல்லிக் கிணற்றடிக்குப் போனார்.

அதற்குள் ஊரில் ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. தந்தி போய்த்தான் துப்பாக்கிப் போலீஸ் வந்தது, அதை அடித்தது பூட்டு சங்கரலிங்கம். எது முந்தி எது பிந்தி, போலீஸ் எப்போது வந்தது, தந்தி எப்போது போனது என்று ஒருவரும் யோசிக்கவில்லை. நானே கேட்டேன். "அண்ணே, இல்லைன்னா இல்லைன்னு நாலு பேருக்கு முன்னால சொல்லிருங்களேன்."

"ஆபீஸ் விஷயத்த நான் பேசப்படாது" என்றார். அவ்வளவுதான்.

அவர் வாய் திறக்காததே ஊருக்குச் சாட்சியாகிவிட்டது. சுடலைமுத்து எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்தினார். வண்ணார் துணி எடுக்கவில்லை. பாளையங்கோட்டையில் காசு கொடுத்தால் யாரும் மழித்துவிடுவார்கள். நான் போனேன். அண்ணன் போகவில்லை. "சுடலை வரட்டும்" என்பார். வருவார் என்று எதை வைத்து நம்பினாரோ தெரியாது. கோட்டும் தலைப்பாகையும் தாடியுமாக அவர் ஆபீசுக்குப் போவதைப் பார்த்துத் தெருப்பிள்ளைகள் சிரித்தார்கள்.

அம்மா ஒரு காரியம் செய்தாள். இசக்கி செத்த அன்று யாரிடமும் சொல்லாமல் அவர்கள் தெருவுக்கே போய்விட்டாள். எங்கள் தெருப் பெண்கள் யாரும் அங்கே கால் வைத்ததில்லை. போய், பேச்சியம்மாளைக் கட்டிப்பிடித்து, முற்றத்து மண்ணில் உட்கார்ந்து மாரடித்து அழுதிருக்கிறாள். தந்தி அடித்தவரின் அம்மா என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லையாம்.

எங்கள் பெரியப்பா மகன் ஆவுடையப்பன் அண்ணனுக்குத்தான் பொறுக்கவில்லை. அவர் கோர்ட்டில் நகல் எழுதுகிறவர். சர்க்கார் உத்தியோகத்தில் மேலே ஏற வேண்டும் என்று ராப்பகலாக ஆசைப்படுகிறவர். "சித்தி, கலகக்காரன் வீட்டுத் துட்டிக்குப் போனது வெளியில தெரிஞ்சா எங்க எல்லார் சோலியும் போயிரும்" என்று குதித்தார்.

"பேச்சி பிள்ளைக்கு அழப் போனேன். கலகக்காரன் எவன்னு எனக்குத் தெரியாது" என்றாள் அம்மா.

அதுதான் அவள் கடைசியாக வெளியே போனது. பங்குனியில் படுத்தாள். வயிற்றுக்கடுப்பு. முன்பெல்லாம் எங்களுக்கு உடம்புக்கு என்றால் பேச்சியம்மாள்தான் கஷாயம் கொண்டுவருவாள். அம்மா ஒவ்வொரு நாளும், "எய்யா, பேச்சி வந்தாளா?" என்று கேட்பாள். "நாளைக்கு வருவாம்மா" என்று அண்ணன் சொல்லுவார். பேச்சியம்மாள் வரவில்லை. அவள் மேல் எனக்கு அன்றைக்குக் கோபம் இருந்தது. எப்படி வருவாள் பாவம்.

வந்தார்

பந்தலுக்குத் திரும்புகிறேன்.

வெயில் சாயத் தொடங்கியது. அம்மாவின் முகம் மாறத் தொடங்கியிருந்தது. இதைவிட விளக்கமாக எழுத எனக்கு மனம் இல்லை. ஆவுடையப்பன் அண்ணன், "போலீஸ்ல சொல்லி அவனை இழுத்துட்டு வந்துருவோமா?" என்றார். அண்ணன் அவரைப் பார்த்த பார்வையில் அவர் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

"நான் போய் அவரு கால்ல விழுதேன்" என்று அண்ணன் கிளம்பினார். அப்போதுதான் தெருமுனையில் சங்குச் சத்தம் கேட்டது.

பெண்கள் அதுவரை அடக்கிவைத்ததெல்லாம் ஓவென்று வெடித்தது. சாவுச் சங்கைக் கேட்டு நிம்மதி அடைந்தவர்கள் உலகத்தில் நாங்களாகத்தான் இருப்போம்.

சுடலைமுத்து வந்தார். இரண்டு மாதத்தில் பத்து வயது கூடியிருந்தது. யாரையும் பார்க்கவில்லை. அண்ணனைக் கடந்து நேரே உள்ளே போய் அம்மாவின் காலடியில் நின்றார். பிறகு வெளியே வந்து, "குடம் எங்க?" என்று பொதுவாகக் கேட்டார்.

நீர்மாலைக்கு அவர் முன்னால் போனார். நாங்கள் பின்னால் போனோம். அம்மாவைக் குளிப்பாட்டினார்கள். பாடையில் வைத்துத் தூக்கினோம். அவர் ஒரு சடங்கையும் குறைக்கவில்லை, ஒன்றையும் அவசரப்படுத்தவில்லை.

ஆற்று மணலில்

எங்களில் தகப்பனுக்கு மூத்தவன், தாய்க்கு இளையவன் கொள்ளி வைப்பது வழக்கம். அதனால் அம்மாவுக்கு நான். தீ வைப்பதற்கு முன்னால் இரண்டு பிள்ளைகளுக்கும் தலை மழிக்க வேண்டும். கூட்டம் சிதைப் பக்கம் நின்றது. நாங்கள் தண்ணீர் ஓரத்தில் மணலில் உட்கார்ந்தோம். எனக்கு முடித்துவிட்டு அண்ணனிடம் வந்தார். ஆவுடையப்பன் அண்ணன் சொம்போடு பக்கத்தில் நின்றார். வேறு யாரும் இல்லை.

தாடியை எடுத்தார். தண்ணீர் தடவித் தலையில் கத்தி வைத்தார். பாதித் தலை ஆகியிருக்கும். பைய, எங்களுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார்.

"அன்னைக்கு அடிச்சது நீருதானா?"

அதுவரை அவர் அண்ணனை 'ஐயா' என்று தவிர வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை.



"ஊரு ஆயிரம் சொல்லுது. நான் உம்ம வாயால கேக்கல. அதான் கேக்கேன். இல்லைன்னு ஒரு சொல்லு சொல்லும். நம்பிருதேன். நாளைக்கே பெட்டியத் தூக்கிட்டு உம்ம வீட்டுக்கு வாரேன். பேச்சியும் வருவா."

கத்தி தலையில் அப்படியே இருந்தது. நான் மனசுக்குள் கத்தினேன். சொல்லித் தொலையுமே அண்ணே! ஒரு 'இல்லை'. யாருக்கு என்ன நஷ்டம்? அதுவும் வேண்டாம் என்றால், பேசக்கூடாது என்று சட்டம் இருக்கிறது என்று சொல்லலாமே. வருஷக்கணக்காக ஊருக்கெல்லாம் சொன்னதுதானே?

அண்ணன் கொஞ்ச தூரத்தில் அடுக்கியிருந்த எருமுட்டையைப் பார்த்தார். அதன் மேல் அம்மா இருந்தாள்.

"நாந்தான் அடிச்சேன், சுடலை" என்றார். "எழுதிக் குடுத்தாவ, அடிச்சேன். அதுல உம்ம பிள்ளை பேரு இல்ல. யாரு பேரும் இல்ல. ஆனா அடிச்சது என் கைதான்."

 சுடலைமுத்து கத்தியைத் தண்ணீரில் அலசினார்.

"குனியும்" என்றார், கடைசியில்.

மிச்சத் தலையையும் மழித்தார். ஒரு கீறல் இல்லை. நான் குடம் உடைத்தேன், கொள்ளி வைத்தேன். எல்லாம் முடிந்தது. குடிமகனுக்குப் புது வேட்டியும் அரிசியும் வைத்து நீட்டுவது முறை. அவர் அதை வாங்கிக்கொண்டால்தான் சடங்கு முடிந்ததாக அர்த்தம். அண்ணன் இரண்டு கையாலும் நீட்டினார்.

"வேண்டாம்" என்றார் சுடலைமுத்து. "எங்கூட்டு முத்தத்துல வந்து அழுதாவ அந்தம்மா. அதுக்கு நான் வந்தேன். கூலி வாங்கினா அது சோலி ஆயிரும்."

சங்கைத் துணியில் சுற்றிக்கொண்டு, கரையேறிப் போய்விட்டார். வேட்டியும் அரிசியும் மணலில் இருந்தன. யார் எடுப்பது, எடுத்து என்ன செய்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை. அப்படியே விட்டுவிட்டு வந்தோம்.

சர்க்காரின் நியாயம்

ஆனி மாதம் அண்ணனை மேலதிகாரி கூப்பிட்டனுப்பினார். கலகத்தன்று போன தந்தியைத் தானே அடித்ததாக வெளியாள் ஒருவரிடம் சொன்னது உண்மையா என்று கேட்டார்கள். தேதி, இடம், சொன்ன வார்த்தை எல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அண்ணன் ஆமாம் என்றார். சத்தியத்தை மீறியதற்காக வேலை போயிற்று.

அடித்ததற்காக ஊர் தள்ளிவைத்தது. அடித்தேன் என்று சொன்னதற்காகச் சர்க்கார் தள்ளிவிட்டது. நடுவில் ஒரு மனுஷன் எங்கே போவான்? இவ்வளவு வருஷம் கழித்தும் எனக்கு இது ஆறவில்லை. எத்தனை பேருடைய ரகசியத்தைக் காத்தவர்! ஒரே ஒரு தடவை, தன் கை செய்ததை, கேட்க உரிமை உள்ள ஒருவரிடம் சொன்னார். அதற்கு இந்தத் தண்டனை.

வீட்டில் எல்லாரும் சுடலைமுத்துவைத்தான் நினைத்தோம். மதினி மண்ணை வாரித் தூற்றினாள். "வாய் வார்த்தைய வாங்கிட்டுப் போயி வயித்துல அடிச்சிட்டானே, நல்லாருப்பானா அவன்!"

"நிறுத்து" என்றார் அண்ணன். "பிள்ளையக் குடுத்த மனுஷன். சொன்னா சொல்லட்டும். அவருக்கு இல்லாத பாத்தியதையா?"

மாமனார் வழியில் யாரையோ பிடித்து, சாத்தான்குளத்தில் ஒரு கருப்பட்டிக் கடையில் அண்ணனுக்குக் கணக்கு எழுத இடம் கிடைத்தது. கம்பியில் உலகத்தோடு பேசியவர் கருப்பட்டிச் சிப்பம் எண்ணப் போனார். ஆவுடையப்பன் அண்ணன் வந்து ரொம்ப வருத்தப்பட்டார். மூட்டை கட்ட ஒத்தாசை செய்தார். அவருக்கு அந்த மாதம்தான் உத்தியோகத்தில் ஒரு படி ஏற்றம் கிடைத்திருந்தது.

வாசலில்

வண்டி கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம் சுடலைமுத்து வந்தார். புறவாசலுக்குப் போகவில்லை. தெரு வாசலில் வந்து நின்றார். மதினி அவரைப் பார்த்ததும் விருட்டென்று எழுந்தாள். அண்ணன் கையைக் காட்டி அவளை அடக்கினார்.

"உமக்கு வேலை போச்சாமே" என்றார் சுடலைமுத்து.

"ஆமா."

"நான் நேத்துதான் கேள்விப்பட்டேன். நீரு எங்கிட்ட சொன்ன விஷயம் வெளிய போயிருக்கு. அதான் வந்தேன்." அவருக்கு மூச்சு வாங்கியது. நிறுத்திச் சொன்னார். "நான் யாருகிட்டயும் சொல்லல. எங்க சாதிக் கூட்டத்துல கேட்டாவ, சொல்லல. பேச்சிகிட்டகூட இன்னைக்கு வரைக்கும் சொல்லல. அவ இன்னும் நீரு அடிச்சிருக்க மாட்டீருன்னுதான் சொல்லிட்டு இருக்கா. அவ பிறப்பிச்ச பிள்ளையில்லா நீரு."

அன்று மணலில் அண்ணன், நான், அவர். நாலாவதாகச் சொம்போடு நின்றவர் ஒருவர்தான். மதினி வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். உள்ளே ஆவுடையப்பன் அண்ணன் கட்டிக்கொடுத்த மூட்டைகள் இருந்தன.

நான் தெருவில் இறங்கப் போனேன். அண்ணன் என் கையைப் பிடித்தார். "அவன்கிட்ட யாரும் ஒண்ணும் கேக்கப்படாது" என்றார். நாங்கள் கேட்கவில்லை. ஆவுடையப்பன் அண்ணன் சாகும்வரை நான் கேட்கவில்லை.

"எனக்கு உம்ம மேல உள்ளது அப்படியேதான் இருக்கு" என்றார் சுடலைமுத்து. "அது வேற. நீரு அடிக்காட்டி இன்னொருத்தன் அடிச்சிருப்பான். அதும் எனக்குத் தெரியும். தெரிஞ்சு என்ன செய்ய? ஆனா என் வாயால உம்ம சோறு போச்சுன்னு நீரு நினைச்சிட்டுப் போகக்கூடாது. அதச் சொல்லத்தான் வந்தேன். வாரேன்."

திரும்பினார். அண்ணன் அம்மா செத்தபோது அழவில்லை. வேலை போனபோதும் அழவில்லை. இப்போது முகமெல்லாம் நனைந்து, குரல் உடைந்து, பின்னாலேயே இரண்டு எட்டு போனார்.

"அண்ணாச்சி, வெயிலா இருக்கு. ஒரு வாய் மோரு குடிச்சிட்டுப் போங்க."

எங்கள் தெருவில் அவரை அண்ணாச்சி என்று கூப்பிட்ட முதல் ஆள் எங்கள் அண்ணன். அதைக் கேட்டு எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

சுடலைமுத்து நின்றார். கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொல்லுகிற மாதிரிதான் சொன்னார்.

"வேண்டாம்வே. உம்ம வீட்டுல எனக்கு இனிமே தொண்டையில தண்ணி இறங்காது."

சொல்லிவிட்டு, தெருவில் நிழல் இல்லாத பக்கமாகவே நடந்து போனார். மதினி மோர்ச் செம்போடு நிலைப்படியில் நின்றாள்.